மலேரியா உள்ள ஊருக்குக் குடிபோகும் தாய்மாருக்கு: உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எதுவரை நம்பலாம்

பர்மாவின் யாங்கோன், பாகோ, மோல்மேன் நகரங்களிலிருந்து ரப்பர் பால் வெட்டவும் சுரங்க வேலைக்கும் சாலை வேலைக்கும் தனின்தாயி, கயின், கச்சின், ராக்கைன் பக்கம் குடும்பத்தோடு போகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. போவதற்கு முன் கர்ப்பிணியும் கைக்குழந்தைக்காரியும் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "நாங்கள் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தானே, உடம்புக்குப் பழகியிருக்காதா?" பழகியிருக்காது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், எப்போது ரத்தம் பார்க்க வேண்டும், எந்த மாத்திரையை எப்போது விழுங்கக்கூடாது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். அதனால் காரணத்திலிருந்தே தொடங்குவோம்.

உடம்பு மலேரியாவுக்குப் பழகுவது எப்படி

அம்மை ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது. மலேரியா அப்படியல்ல. கொசு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போய், ஒரு வாரம் போல அங்கே பெருகி, பிறகுதான் ரத்தத்தில் இறங்குகிறது. கல்லீரலில் இருக்கும்வரை காய்ச்சல் இல்லை. ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை உடைத்து வெளியே வரும்போதுதான் குளிரும் நடுக்கமும் வருகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து கொட்டும் கழிவைக் கண்டு நம் வெள்ளணுக்கள் சுரக்கும் பொருள்களே காய்ச்சலை ஏற்றுகின்றன.

ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி, தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டி, ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கு ஏறக்குறைய 60 மரபணு வடிவங்களை ஒரே ஒட்டுண்ணி கையில் வைத்திருக்கிறது. ஒரு வடிவத்துக்கு உடம்பு எதிர்ப்புப் புரதம் செய்து முடிப்பதற்குள், சட்டை மாற்றுவதுபோல அடுத்ததைப் போட்டுக்கொள்கிறது. ஊருக்கு ஊர் ஒட்டுண்ணிகளின் தொகுப்பும் வேறு. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் பிள்ளைகள் ஆண்டு முழுக்கக் கடிபட்டு, பல தடவை நோய்ப்பட்டு, பிழைத்தவர்கள் பெரியவர்களாகும்போது ஓரளவு தாங்கும் சக்தி பெறுகிறார்கள். அப்போதும் ஒட்டுண்ணி உடம்பில் இருக்கும், காய்ச்சல்தான் குறையும். சில ஆண்டுகள் ஊரை விட்டு விலகியிருந்தால் அந்தத் தாங்கும் சக்தியும் தேய்ந்துவிடும்.

பர்மாவில் மலேரியா பருவத்துக்குப் பருவம், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறுகிறது. மழை மாதங்களிலும் மழை விட்டு ஐப்பசி, கார்த்திகையிலும் ஏறும், கோடையில் இறங்கும். அந்த அளவுக் கடியில் யாருக்கும் முழுத் தாங்கும் சக்தி வருவதில்லை. நகரத்தில் பிறந்தவருக்கு அறவே இல்லை. மலையோரம் பிறந்து இருபது ஆண்டு யாங்கோனில் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கும் இல்லை. தமிழ்நாட்டில் சிறுவயதில் ஒருமுறை மலேரியா வந்தது என்பதற்கும் இங்கே மதிப்பில்லை.

இன்னொன்று: ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி மக்கள் பலரின் சிவப்பணுவில் டஃபி என்ற புரதம் இல்லாததால் விவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா அவர்களைத் தொடுவது அரிது. நமக்கும் பர்மியருக்கும் அந்தப் புரதம் உண்டு. இன்று பர்மாவில் காணும் மலேரியாவில் பெரும்பங்கு விவாக்ஸ்தான்.

கர்ப்பத்தில் என்ன நடக்கிறது

நஞ்சுக்கொடி புது உறுப்பு. அதன் உட்புறத்தில் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்ற சர்க்கரைப் பொருள் படிந்திருக்கிறது. ஃபால்சிபாரம் அதில் ஒட்டிக்கொள்ளவே வார்2சிஎஸ்ஏ என்ற தனிப் புரதத்தை வெளியே நீட்டுகிறது. அந்த வடிவத்தைத் தாயின் உடம்பு அதற்குமுன் பார்த்ததே இல்லை, அதனால் எதிர்ப்பும் இல்லை. மலேரியா மிகுந்த ஊர்களில் முதல் கர்ப்பத்தில் அடிபட்டு, இரண்டாவது மூன்றாவதில் அந்த எதிர்ப்பு சேர்கிறது. பர்மா போல் குறைவாகப் பரவும் இடத்தில் எல்லாக் கர்ப்பமும் முதல் கர்ப்பம் போலத்தான். "மூத்தவள் வயிற்றில் இருந்தபோது ஒன்றும் ஆகவில்லை" என்பது காப்புறுதி ஆகாது.

ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் குவிந்தால் அங்கே வெள்ளணுக்களும் அழற்சியும் சேர்ந்து, பிள்ளைக்குப் போகும் ஊட்டமும் பிராண வாயுவும் குறைகின்றன. குறைமாதம், எடை குறைந்த பிறப்பு, தாய்க்குச் சோகை ஆகியவை அதன் விளைவு. முதல் மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவை வந்தாலும் கருக்கலைவு ஆபத்து கூடுகிறது. விவாக்ஸ் நஞ்சுக்கொடியில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆனாலும் அதை லேசான காய்ச்சல் என்று ஒதுக்குவது தவறு: தாய்லாந்து-பர்மா எல்லையில் நடந்த ஆய்வுகளில் விவாக்ஸ் வந்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 100 கிராமுக்கு மேல் எடை குறைந்து பிறந்தார்கள்.

நடைமுறைக்கு இதில் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் ஒளிந்திருக்கும்போது விரல்நுனி ரத்தத்தில் மிகக் குறைவாகவே தெரியும். பரிசோதனை "இல்லை" என்று சொல்லலாம், நோய் இருக்கலாம்.

புறப்படும் முன்

கர்ப்பிணி முதல் மூன்று மாதத்தில் இருந்தால், கூடுமானால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல். முன்கூட்டிச் சாப்பிடும் தடுப்பு மாத்திரைகளில் டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிக்கும் 8 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கும் ஆகாது. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மெஃப்ளோகுவினுக்குக் கிழக்கு எல்லைப்புற ஒட்டுண்ணி மசிவதில்லை. ஆப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு இடையிடையே தரும் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினும் இங்கே பலிக்காது, ஒட்டுண்ணி அதற்கு வெகுநாளைக்கு முன்பே பழகிவிட்டது. ஆர்டிஎஸ்எஸ், ஆர்21 தடுப்பூசிகள் ஃபால்சிபாரத்துக்கு மட்டுமானவை, அதுவும் சிறுபிள்ளைகளுக்கு. ஆக, கர்ப்பிணிக்குத் தடுப்பு என்பது கொசுவலையும் பரிசோதனையும்தான்.

புறப்படும் முன் நகரத்திலேயே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். தாய்க்கு ஹீமோகுளோபின் பாருங்கள், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழ் என்றால் சோகை. வீட்டில் எல்லாருக்கும் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) பரிசோதனை செய்து தாளை வைத்துக்கொள்ளுங்கள், இது ஏன் என்று பின்னால் வருகிறது. ஆளுக்கு ஒன்று என்றில்லாவிட்டாலும் இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் மருந்தூட்டிய கொசுவலை வாங்குங்கள்.

வலை ஏறக்குறைய மூன்று ஆண்டு அல்லது 20 சலவை வரை வேலை செய்யும். சாதாரண சோப்பில் மெதுவாக அலசி நிழலில் உலர்த்துங்கள். ப்ளீச்சும் வெயிலும் அதன் மருந்தைக் கெடுக்கும். ஓரங்களைப் பாயின் அடியில் செருகாமல் தொங்கவிட்டால், குழந்தையின் கால் வலையில் ஒட்டும் இடத்தில் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும். நாட்டின் முக்கியக் கொசுக்கள் இரண்டு: அடர்ந்த காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகும் டைரஸ், மலையடிவார ஓடைக் கரையில் பெருகும் மினிமஸ். இரண்டும் அந்தி முதல் விடியல் வரை, வீட்டுக்கு வெளியேயும் கடிக்கும். நள்ளிரவுக்குப் பின் பால் வெட்டப் போகும் கணவரோடு பிள்ளையைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் மிக மோசமான பழக்கம்.

கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பைப் பூசுவதால் மட்டும் கொசு விலகாது. தனக்காவில் 20 விழுக்காடு டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்து எல்லைப்புறக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு உண்டு. நான்காம் மாதத்துக்குப் பிறகு அதைப் பூசிய தாய்க்கும் பிறந்த பிள்ளைக்கும் தீங்கு காணப்படவில்லை. கடையில் டீட் களிம்பு வாங்கினால் கைகால்களில் தடவுங்கள், முலைப் பக்கமும் குழந்தையின் கையிலும் வேண்டாம், வாயில் போகும்.

காய்ச்சல் வந்த அன்று

கக்கத்தில் 37.5 டிகிரிக்கு மேல் போனாலோ, முந்தின நாள் குளிர் வந்தது என்றாலோ, 24 மணி நேரத்துக்குள் ரத்தம் பார்க்க வேண்டும். பொறுத்துப் பார்ப்பது கூடாது. எதிர்ப்பு இல்லாத உடம்பில் ஒட்டுண்ணி குறைவாக இருக்கும்போதே காய்ச்சல் ஏறிவிடும், அதே உடம்பில் அது பெருகுவதற்கும் தடையில்லை. கிராமத்தில் மலேரியாத் தன்னார்வலர் இருந்தால் அவரிடமே விரைவுப் பரிசோதனைப் பட்டையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கும்.

பட்டையில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. உறையைப் பரிசோதிக்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். மழைக்காலத்தில் பிரித்து வைத்த பட்டை ஈரம் உறிஞ்சிக் கெட்டுவிடும்.
2. மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். சிறு குழந்தைக்குக் குதிகாலின் ஓரம். ஸ்பிரிட் முழுக்க உலர்ந்த பிறகே குத்த வேண்டும்.
3. 5 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், கூடவே வரும் சிறு குழாயின் கோடு வரை. கூடுதலாக விட்டால் பட்டை முழுதும் சிவந்து கோடு மறைந்துவிடும்.
4. அதே பெட்டியில் வந்த கரைசலை, தாளில் சொன்ன துளிக் கணக்குப்படி விடுங்கள். வேறு பெட்டியின் கரைசலை விட்டால் பொய்க் கோடு வரும்.
5. 15 அல்லது 20 நிமிடம், தாள் சொன்னபடி காத்திருந்து படியுங்கள். கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் அந்தப் பட்டை செல்லாது. அரை மணிக்குப் பிறகு தோன்றும் மங்கல் கோட்டைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

பட்டை ஒரு மைக்ரோலிட்டரில் 100, 200 ஒட்டுண்ணி இருந்தால்தான் பிடிக்கும். நம்மைப் போன்றவருக்கு அதற்குக் கீழேயே காய்ச்சல் வரலாம். ஆகவே முதல் நாள் "இல்லை" என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால், மறுநாளும் மூன்றாம் நாளும் திரும்பப் பாருங்கள், கர்ப்பிணிக்கு நுண்ணோக்கியிலும். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஃபால்சிபாரம் பட்டை தேடும் புரதம் குணமான பிறகும் சில வாரம் ரத்தத்தில் தங்கும். சென்ற மாதம் மருந்து சாப்பிட்டவருக்குக் கோடு வந்தால், நுண்ணோக்கியில் பார்க்காமல் மறுபடி மருந்து கொடுக்காதீர்கள்.

யாங்கோனிலிருந்து வந்து இரண்டு மூன்று நாளிலேயே காய்ச்சல் என்றால் அது இங்கே கடித்த கொசுவின் மலேரியா அல்ல. ஃபால்சிபாரத்துக்கு 9 முதல் 14 நாள், விவாக்ஸுக்கு இரண்டு வாரத்தை ஒட்டியோ பல மாதம் கழித்தோ ஆகும். நகரத்திலிருந்து சுமந்து வந்த டெங்குவாக இருக்கக்கூடும். மலேரியா, டெங்கு இரண்டிலும் ரத்தத் தட்டணுக்கள் குறையும், அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

பிள்ளை வலிப்பு கண்டாலோ, எழுப்ப முடியாமல் கிடந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கை வெளுத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ வீட்டில் வைத்திருக்கக்கூடாது. 6 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு ஆசனவாய் வழியே வைக்கும் ஆர்டிசுனேட் மருந்து தன்னார்வலரிடம் இருந்தால் அதை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அது வழிக்கு மட்டும் தாங்கும் மருந்து, சிகிச்சை ஆகாது.

காய்ச்சல்காரரின் வயிற்றுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஒட்டுண்ணி புகுந்த அணுக்களை வடித்தெடுப்பது மண்ணீரல். அந்த வேலையில் அது வீங்கி இடது விலாவுக்குக் கீழே இறங்கி வரும், அழுத்தினால் கிழியவும் கூடும்.

மருந்து: எங்கே தவறுகிறது

ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமெத்தர்-லூமெஃபான்ட்ரின் மூன்று நாளில் ஆறு வேளை: முதல் வேளை, 8 மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு காலையும் மாலையும். 5 முதல் 15 கிலோவுக்குள் வேளைக்கு 1 மாத்திரை, 25 கிலோவுக்குள் 2, 35 கிலோவுக்குள் 3, அதற்கு மேல் 4. கொழுப்போடு சாப்பிட்டால்தான் லூமெஃபான்ட்ரின் ரத்தத்தில் ஏறும். வெறும் கஞ்சியோடு விழுங்குவதைவிடப் பாலோ நல்லெண்ணெய் விட்ட சோறோ சேர்த்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் இதையே கொடுக்கச் சொல்கிறது. "கர்ப்பம், மருந்து ஆகாது" என்று சொல்லித் தாயைத் திருப்பி அனுப்பினால், அதைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை அடுத்த தடவைக்கு எடுத்துவைப்பது பரவலாக நடக்கிறது. எதிர்ப்பு இல்லாத உடம்பில் மீந்துபோன ஒட்டுண்ணியை வழித்துத் துடைக்க வேறு ஆள் இல்லை, மருந்துதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பர்மாவின் ஒட்டுண்ணிகளில் ஆர்டிமிசினினுக்கு (ஆர்ட்டிமெத்தரும் ஆர்டிசுனேட்டும் அந்த இனம்) மெதுவாக மடியும் வகைகள் ஏற்கெனவே இருக்கின்றன. கடையில் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலத்தை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டும் இருக்கக்கூடும், போலி ஆர்டிசுனேட்டும் இந்தப் பக்கம் பிடிபட்டிருக்கிறது.

விவாக்ஸுக்கு குளோரோகுவின், மூன்று நாளில் கிலோவுக்கு மொத்தம் 25 மி.கி. அதோடு முடியாது. விவாக்ஸ் கல்லீரலில் உறங்கும் விதைகளை விட்டுச் செல்கிறது. எதிர்ப்புப் புரதம் எதுவும் அவற்றைத் தொடுவதில்லை, குளோரோகுவினும் தொடாது. சில வாரத்துக்கு ஒருமுறை அவை விழித்து மறுபடி காய்ச்சல் தரும். அவற்றைக் கொல்வது பிரைமாகுவின், கிலோவுக்கு 0.25 மி.கி. வீதம் 14 நாள். ஜி6பிடி நொதி குறைந்தவருக்கு அதே மருந்து சிவப்பணுக்களை உடைத்துத் தள்ளும். அந்தக் குறைபாட்டின் மஹிடால் வகை பர்மாவில் பரவலாக உண்டு. இந்திய வம்சாவளியினரிடம் கேரளா-கல்யாண், ஒரிசா போன்ற வேறு வகைகள் உண்டு, ஆகவே நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். பெண்களில் பாதிக் குறைபாடு சாதாரணப் பட்டையில் தப்பிவிடும், அளவு காட்டும் பரிசோதனை கிடைத்தால் அதையே கேளுங்கள். குறைபாடு உள்ளவருக்கு மருத்துவர் கண்காணிப்பில் வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 0.75 மி.கி., 8 வாரம். மருந்துக் காலத்தில் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்துக்குப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதே குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைக்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தினாலும் அணுக்கள் உடையும். மூத்த பிள்ளையின் பழந்துணியை எடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

கர்ப்பிணிக்குப் பிரைமாகுவின் கிடையாது. வயிற்றுப் பிள்ளையின் ஜி6பிடி நிலை தெரியாது என்பதே காரணம். அவளுக்குக் குளோரோகுவின் சிகிச்சைக்குப் பிறகு, மறுபடி வராமலிருக்க வாரம் 300 மி.கி. குளோரோகுவின் பிரசவம் வரை கொடுப்பதுண்டு. ஒவ்வொரு கர்ப்பப் பரிசோதனையிலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், ரத்தம் பார்க்கக் கேளுங்கள்.

புழுக்கள்

குடற்புழுக்களுக்கு எதிராக உடம்பு வேறொரு வழியில் போராடுகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம், ஈசினோஃபில் என்ற வெள்ளணு, குடலில் கூடுதல் சளி ஆகியவை அதன் படைகள். புழு தன் பங்குக்கு அந்தப் போராட்டத்தை அடக்கி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. கொக்கிப்புழு ரத்தம் குடித்துத் தாயின் இரும்பைக் காலி செய்யும். மலேரியா உடைக்கும் அணுக்களை ஈடுகட்டப் புது அணு செய்ய அந்த இரும்பு வேண்டும், இரண்டும் சேர்ந்தால் சோகை வேகமாக முற்றுகிறது.

கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் பிறந்த பிறகு அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு மாத்திரை, முதல் மூன்று மாதத்தில் கூடாது. 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்கு 200 மி.கி., அதற்கு மேல் 400. சிறு பிள்ளைக்கு நசுக்கித் தண்ணீரில் கரைத்தே கொடுங்கள், அழும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து முழு மாத்திரையைத் திணித்தால் தொண்டையில் அடைக்கும். இரும்பு 30 முதல் 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே நுழைவதால், தோட்டத்தில் செருப்பு கட்டாயம்.

பிறந்த பிறகு

தாயின் ஐஜிஜி எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது, பெரும்பகுதி 28 வாரத்துக்குப் பிறகு. குறைமாதப் பிள்ளைக்குக் குறைவாகவே கிடைக்கும். தாயிடம் மலேரியாவுக்கு எதிராக எதுவும் இல்லையென்றால் கொடுக்கவும் இல்லை. "பிறந்த ஆறு மாதம் குழந்தைக்கு மலேரியா வராது" என்ற சொல் மலேரியா மிகுந்த ஊர்த் தாய்க்குப் பொருந்தும், நகரத்திலிருந்து போன தாய்க்குப் பொருந்தாது. அம்மை, ரணஜன்னிக்கு எதிரான தாயின் எதிர்ப்பு வழக்கம்போலப் போகும், சில மாதத்தில் கரையும். நஞ்சுக்கொடி மலேரியா அதையும் குறைக்கலாம் என்று ஆப்பிரிக்க ஆய்வுகள் சில காட்டுகின்றன. ஆகவே தடுப்பூசி அட்டையில் ஒரு நாளையும் தவறவிடாதீர்கள். காய்ச்சலில் இருக்கும் தாயும் சீம்பாலிலிருந்து தொடர்ந்து தாய்ப்பால் கொடுக்கலாம், பால் வழியாக மலேரியா தொற்றாது.

பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு மலேரியா இருந்திருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல், மஞ்சள், பால் குடிக்காமை ஆகியவற்றை முதல் ஒரு மாதம் பாருங்கள். பிரசவ நேரத்தில் ரத்தம் வழியே தொற்றிய விவாக்ஸ் இரண்டு மூன்று வாரத்தில் தலைகாட்டும். கொசு வழி வராததால் அந்தப் பிள்ளையின் கல்லீரலில் உறங்கும் விதை இல்லை, அதற்குப் பிரைமாகுவின் தேவையும் இல்லை. தாய்க்குத் தேவை. பிள்ளைக்கு 6 மாதம் ஆன பிறகோ அதன் ஜி6பிடி நிலை தெரிந்த பிறகோ, தாயின் ஜி6பிடி தாளைக் காட்டி, விட்டுவைத்த அந்த 14 நாள் மருந்தை மருத்துவரிடம் நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடியுங்கள்.